மீசையைத் தொட்டால் தப்பு

ஐஸ் பெட்டியின் வயர் எட்டவில்லை. இறக்கி வைத்த ஆள் சுவரையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீள வயரு இருக்காக்கா? எக்ஸ்டென்ஷன் பாக்ஸு?" என்று கேட்டான்.

திவ்யா உள்ளே போனாள். தேட வேண்டிய அவசியமே இல்லை. புதன்கிழமை சாயங்காலம் அவள்தான் அதைச் சுருட்டி பிரிட்ஜின் மேல், அட்டைக் கொம்புகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். கொண்டுவந்து கொடுத்தாள். அவள் கையாலேயே எழுதி ஒட்டிய வெள்ளைத்தாள் அதில் இருந்தது: 'மூன்றாம் வகுப்பு, ஸ்மார்ட் கிளாஸ்.' அந்த ஆள் அதைப் படிக்காமலே செருகினான். பெட்டி உறுமத் தொடங்கியது. கண்ணாடிக்கு உள்ளே அப்பா பேயாண்டி வேட்டி சட்டையோடு படுத்திருந்தார்.

இரண்டு இரவுகளாக அவள் தூங்கவில்லை. அழுகையும் சரியாக வரவில்லை. வெள்ளிக்கிழமை விடிகாலையில் கொல்லைப்பக்கம் விழுந்து கிடந்தவரை வாடிப்பட்டியிலிருந்து மதுரைக்குக் கொண்டு போனார்கள். இன்று, ஞாயிறு விடிவதற்குள் திரும்பக் கொண்டு வந்துவிட்டார்கள். நடுவில் நடந்தது என்று அவள் மனதில் நின்றதெல்லாம் ஆஸ்பத்திரி நாற்காலியும் டெட்டால் வாடையும்தான். புருஷன் பந்தலுக்கும் மேளத்துக்கும் ஆள் சொல்ல ஓடிக்கொண்டிருந்தான். அவளுக்கு எங்காவது ஒரு மூலையில் சாய்ந்தால் போதும் என்றிருந்தது. செத்த வீட்டில் மகளை அப்படிச் சாய விடுவார்களா.

அண்ணன் செல்வக்குமார் திருப்பூரிலிருந்து வந்து இறங்கியதும் ஐஸ் பெட்டிக் கண்ணாடி மேல் விழுந்து அழுதான். அழுது முடித்தவன் அம்மாவிடம் திரும்பினான். அதிலிருந்து ஒரே கேள்விதான்.

"டாக்டர் போன்ல தெளிவாச் சொன்னாரும்மா. மொதல்ல மூளையில சின்னதா ஒரு அடைப்பு வந்திருக்கும், பேச்சுல, நெனப்புல, கை காலுல ஏதாவது தெரிஞ்சிருக்கும்னாரு. ரெண்டு நாள் முந்திக் கூட்டியாந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமாம். கூடவே இருந்தியே, உனக்கு ஒண்ணுமே தெரியலையா?"

"எனக்கு என்னப்பா தெரியும்? சோறு வச்சேன், தின்னாரு. படுத்தாரு. கொஞ்சம் சடவா, அசதியா இருந்தாரு, வெயிலுன்னு நெனச்சேன்."

"வெயிலாம் வெயிலு!"

"நான்தான் பாக்காம விட்டுட்டேன் ராசா. என் கண்ணு அவிஞ்சு போச்சு."

அம்மா செல்லத்தாய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். வந்திருந்த பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். திவ்யா சுவரோரம் நின்றாள். வாயைத் திறக்கவில்லை. திறக்காமல் நிற்பது எவ்வளவு கேவலம் என்று அவளுக்குத் தெரியும், ஆனாலும் திறக்கவில்லை.

அவள் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. மூன்றாம் வகுப்புக்குப் பெரிய டிவி வந்தபோது ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி பொம்மைப் படம், பாட்டு எல்லாம் போட்டுப் பார்த்தாள். பிள்ளைகள் ஆவென்று பார்த்தார்கள், மணியடித்ததும் மறந்தார்கள். வீட்டில் டிவி பார்ப்பதற்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஒருநாள் அவள் கரும்பலகையில் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டாள். அன்றைக்குத்தான் வகுப்பு கூரை பிய்கிற மாதிரிக் கத்தியது. சரியைக் கேட்பதைவிட டீச்சரின் தப்பைப் பிடிப்பதில் அதுகளுக்கு அவ்வளவு குஷி.

அப்படிப் பிறந்தவர்தான் கொம்பர். பள்ளிவிட்டதும் அப்பா வீட்டுக்கு வருவாள். அட்டைக் கொம்பை அப்பாவின் தலையில் கட்டி, கொம்பராக நாற்காலியில் உட்கார வைத்து, செல்போனில் படமெடுப்பாள். கொம்பருக்கு எல்லாம் தெரியும் என்று பீற்றல், ஒன்றும் தெரியாது. மறுநாள் வகுப்பில் கொம்பர் தப்பாகச் சொன்னதும் டிவியை நிறுத்துவாள். பிள்ளைகள் கையைத் தூக்கிச் சரியான விடையைச் சொல்ல வேண்டும். முதலில் பிடித்தவருக்கு மணிக்கட்டில் சிவப்புப் பேனாவால் ஒரு நட்சத்திரம். அதை அழிக்காமல் ஒரு கையை விட்டுவிட்டுக் குளிக்கிறார்கள் என்று தாய்மார்கள் சண்டைக்கு வந்ததும் உண்டு.

தப்புச் சொல்வதற்கு முன் அப்பா வலது கையால் மீசையைத் தொடுவார். சிரிப்பை அடக்க அவர் செய்தது அது. பிள்ளைகள் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார்கள். கை மேலே போனால் போதும், வகுப்பு பெஞ்சின் நுனிக்கு வந்துவிடும்.

புதன்கிழமை நாலாம் வாய்ப்பாடு. மாட்டுக்கு எத்தனை கால் என்று அவள் கேட்க வேண்டும், வாலையும் சேர்த்து அஞ்சு என்று அவர் சொல்ல வேண்டும். கேட்டாள். அப்பா செல்போனைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார். ஆயுசு முழுக்க மாடு வைத்திருந்த மனுஷன், "காலு... காலு..." என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நீயே சொல்லும்மா" என்றார்.

திவ்யா கைதட்டிச் சிரித்தாள். "ஐயோ அப்பா, இன்னைக்கு என்னா நடிப்பு! ஒரே டேக்ல முடிச்சிட்டீங்க."

அவரும் சிரிக்கப் பார்த்தார். அவள் செல்போன் ஸ்டாண்டை மடக்கி, விளக்குக்காகப் பள்ளியிலிருந்து கொண்டுவந்த வயரைச் சுருட்டி வைத்துவிட்டு, இட்லி மாவு புளித்துவிடும் என்று வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், முன்னாடி ஏதாவது வித்தியாசம் தெரிந்ததா, பதில் சொல்லத் தடுமாறினாரா என்று கேட்டபோது "இல்ல சார்" என்றாள். சொல்லி வாய் மூடுவதற்குள் புதன்கிழமை நினைவுக்கு வந்தது. வராந்தாவுக்கு வந்து சத்தமில்லாமல் அந்த வீடியோவை ஓட்டிப் பார்த்தாள். அப்பாவின் வலது கை மடியில் கிடந்தது, யாரோ வைத்துவிட்டு மறந்துபோன சாமான் போல. அதற்குப் பிறகு அவள் அதைத் திறக்கவில்லை.

பத்து மணிக்கு மேல் தலைமையாசிரியர் ராஜகுரு பழங்காநத்தத்திலிருந்து மாலையோடு வந்தார். நல்ல மனிதர். துக்க வீட்டில் என்ன பேசுவது என்று தெரியாமல் நல்லதாக எதையாவது சொல்ல நினைக்கிறவர். செல்வக்குமாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க அப்பா எங்க ஸ்கூலுக்கு ஒரு வாத்தியாரு தம்பி. எங்க பிள்ளைங்க அவரு வீடியோவைத்தான் விரும்பிப் பாக்கும். கடைசியா எடுத்தது இருக்கே, அப்படியொரு சிரிப்பு. மத்த ஸ்கூல் டீச்சர்களுக்குப் பயிற்சியில போட்டுக் காட்டணும்னு கேட்டிருக்காங்க. பாக்குறீங்களா?"

வேண்டாம் சார் என்று திவ்யா சொல்ல நினைத்தாள். அதற்குள் அவர் போனை எடுத்துவிட்டார். பந்தலுக்குள் அப்பாவின் குரல் கேட்டது. காலு... காலு... அம்மா சட்டென்று ஐஸ் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். செல்வக்குமார் கண்ணீரோடு சிரித்துவிட்டான்.

"எம்புட்டுத் தத்ரூபமா நடிச்சிருக்காரு மனுஷன்! என்னைக்கு சார் எடுத்தது?"

"புதன்கெழமை. வியாழக்கெழமை கிளாஸ்ல போட்டாங்க."

"பாரும்மா, புதன்கெழமை இம்புட்டு நல்லா இருந்திருக்காரு. அப்ப அன்னைக்கு ராத்திரிதான் ஏதோ ஆயிருக்கு. நீ பக்கத்துலதான படுத்திருந்த?"

அம்மா குனிந்து தரையை விரலால் தேய்க்கத் தொடங்கினாள்.

தெருப் பெண்கள் சிலர் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். அதில் மூன்றாம் வகுப்பு பேச்சியம்மாவும் ஒருத்தி. வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளை. தாயின் இடுப்போரம் நின்று கண்ணாடி வழியாகக் கொம்பரைப் பார்த்தாள். கொம்பில்லாமல் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பிறகு திவ்யாவிடம் வந்தாள்.

"டீச்சர்."

"என்னடா."

"மாட்டுக்கால் வீடியோவுல கொம்பர் மீசையத் தொடவே இல்ல டீச்சர்."

"ஏய், சும்மா இரு கழுத" என்று தாய் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நெசமாத்தாம்மா. அவரு வெளையாட்டுக்குச் சொல்லல. அவருக்கு நெசமாவே தெரியல. நான் அன்னைக்கே கையத் தூக்குனேன், எல்லாரும் சிரிச்சாங்க, டீச்சர் பாக்கல."

செல்வக்குமார் திரும்பினான். ராஜகுரு சாரின் கையில் போன் இன்னும் வெளிச்சமாக இருந்தது. போய் உட்காரு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளை போய்விடும், பேச்சும் போய்விடும். திவ்யா அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையில் எதையோ விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா பேச்சி" என்றாள் திவ்யா. வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டும் என்று பழகிய குரல், பந்தல் முழுக்கக் கேட்டது. "கொம்பருக்கு நெசமாவே தெரியல. அவரால கையத் தூக்க முடியல. டீச்சர்தான் கவனிக்கல." பிறகு அண்ணனிடம், "அம்மாவக் கேக்காதண்ணே. எதுக்க நின்னு படம் எடுத்தது நான். கைதட்டிச் சிரிச்சதும் நான்தான்."

ஐஸ் பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. ராஜகுரு சார் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அண்ணன் அவளை வெகுநேரம் பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தாள், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். அவன் போய் அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அம்மா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, அவன் வந்ததிலிருந்து முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். வாசலில் கொட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள், நீர்மாலைக்குத் தண்ணீர் எடுக்கப் போக நேரமாகிறது என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

பேச்சியம்மா இன்னும் நகரவில்லை. பழக்கத்தில் இடது கையை நீட்டியிருந்தாள், உள்ளங்கை மேலே பார்க்க, மணிக்கட்டு வெளுப்பாகத் தெரிய. எங்கே நிற்கிறோம் என்று திடீரென உறைத்திருக்க வேண்டும், கையை வெடுக்கென்று பாவாடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

திவ்யா குனிந்து அந்தக் கையை எடுத்தாள். பேனா இல்லை. ஆள்காட்டி விரலால் மணிக்கட்டில் மெதுவாக நட்சத்திரத்தைப் போட்டு முடித்தாள்.

பேச்சியம்மா வெறும் கையை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அது அழிந்துவிடாமல் மற்றக் கையால் பொத்திக்கொண்டு தாயிடம் போனாள்.