பூட்டுக்கு வலிக்காது

ஊருக்கு அவர் 'பூட்டு'. கோல் கம்பங்களுக்கு நடுவில் அவர் நின்றால் பந்து உள்ளே போகாது என்பதால் வந்த பேர். ஆடுவதை விட்டு இத்தனை வருஷமாகியும் பேர் தேயவில்லை. தேய்ந்தது வலது தோள்தான். கை காதைத் தாண்டி ஏற வலி விடாது. உடைந்து உடைந்து கூடிய விரல்களுக்குச் சட்டைப் பொத்தான் அகப்படாது. தினமும் காலையில் மோவாயைத் தூக்கிக்கொண்டு மனைவி முன்னால் வந்து நிற்பார். அவள்தான் பொத்தான் போட்டு, தலையும் சீவிவிடுவாள்.

இனியும் தள்ளிப்போட்டால் கை அப்படியே இறுகிவிடும் என்று உள்ளூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவரைக் கெஞ்சிக் கூத்தாடித்தான் இந்த அறுவை சிகிச்சை டாக்டரிடம் இழுத்து வந்திருந்தாள். வந்த இடத்தில் டாக்டரே அவருடைய பழைய ரசிகராக இருந்தார்.

"வலி எப்படி இருக்கு சார்?"

"வலியா? லேசா பிடிப்பு, அவ்வளவுதான்."

"கையைத் தூக்குங்க பார்ப்போம்."

தூக்கினார் மனுஷன்! உச்சிக்கு மேலே. பல்லைக் கடித்தது அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது. ஆடுகிற காலத்தில் வலி என்று வாயைத் திறந்தால் மாற்று ஆளை இறக்கிவிடுவார்கள். அதனால் டாக்டர் என்று யார் வந்தாலும் மறைத்தே பழக்கம். அந்த மாற்று ஆளுக்கே இப்போது பேரன் பிறந்தாயிற்று. இவர் இன்னும் யாருக்குப் பயப்படுகிறார்?

"சூப்பர் சார்! ஆபரேஷன் எதுக்கு? மாத்திரையே போதும்."

"ராத்திரி பூரா முனகுறாரு டாக்டர்!"

"இவ இப்படித்தான். எதையும் பெருசு பண்ணுவா."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வலி, ஊருக்குச் சிரிப்பு. நல்ல நியாயம்.

"எதுக்கும் ஒரு தடவை பாத்துடறேன். சட்டையைக் கழட்டுங்க சார்."

அவர் பழக்கதோஷத்தில் அவள் பக்கம் திரும்பி மோவாயைத் தூக்கினார். அவள் கையும் தானாகப் பாதி தூரம் போய்விட்டது. சட்டென்று இழுத்து, கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அவரே முதல் பொத்தானைப் பிடித்தார். நழுவியது. மறுபடி பிடித்தார். மறுபடி நழுவியது. டாக்டர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"என்னால முடியல டாக்டர். ரொம்ப வலிக்குது," என்றார்.

அந்தக் குரலை அவள் வீட்டில்கூடக் கேட்டதில்லை. கண் கலங்கியது, கோபம் மட்டும் தணியவில்லை.

"இதைச் சொல்ல இத்தனை வருஷமா? மோவாயைத் தூக்குங்க," என்று எழுந்துபோய்ப் பொத்தானைக் கழற்றினாள்.