குளோரி வரைந்த புழு

1

இந்தக் கதை அம்மாவின் லேஸ் பெட்டியில் கிடைத்தது. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் திறந்தேன். நூற்கண்டுகளுக்கு அடியில் 1931-இல் கல்கத்தா மியூசியத்திலிருந்து அப்பாவுக்கு வந்த கடிதம். பதிலே வரவில்லை என்றுதான் அப்பா ஐம்பது வருஷமாகச் சொல்லிவருகிறார்.

2

தொடக்கம்: 'இராஜாக்கமங்கலத்தில் அன்று அலைகள்...' வேண்டாம். அலையை வைத்துத் தொடங்குகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

மறுபடி: கரைமடி வலையில் கடல்பாம்பு விழுந்தால் வாலைப் பிடித்துக் கடலிலேயே வீசிவிடுவார்கள். மீனவர் சிலுவை மட்டும் அதைப் பானையில் போட்டு நாகர்கோவிலுக்குக் கொண்டுவருவார், பள்ளிக்கூட வாத்தியாரான என் அப்பா ஜெபசீலனுக்காக.

"சாரே, ஒங்களுக்கு நல்ல மீனு வேண்டாம், இந்தச் சவந்தான் வேணும், இல்லியா?"

அப்பாவுக்கு வேண்டியது பாம்பின் குடலில் ஒட்டிக்கிடக்கும் தட்டைப்புழு. ஒரே ஒரு புழு கிடைத்தது. புதிய இனம் என்று நம்பினார். குளோரி என்ற அம்மாவின் பெயரையே அதற்கு வைப்பதாகச் சொன்னார். (புழுவுக்குத் தன் பெயர் என்றால் எந்தப் பெண் மகிழ்வாள்? அம்மா மகிழ்ந்தாள். அவளே வெட்கத்தோடு சொன்னது.)

3

சாப்பாட்டு மேசையில் மைக்ராஸ்கோப்பு. மிஷன் பள்ளியில் வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாவிடம் லேஸும் ஆங்கிலமும் படித்த அம்மா ஒரு கண்ணை மூடிக்கொண்டு புழுவை வரைகிறாள். அதன் உடம்புக்குள் இரண்டு உருண்டைகள். [அவள் முகத்தை வர்ணித்து ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். நான் அப்போது பிறக்கவேயில்லை. ஆனாலும் இருவரும் ஒரே புழுவை மாறி மாறிப் பார்த்த அந்த மதியத்துக்காக ஏங்குகிறேன்.]

மறுநாள் கண்ணாடித் தகடுகளுக்கிடையே புழு கிழிந்துபோயிற்று. படம் மட்டும் கல்கத்தா போயிற்று.

4

கடிதம் சொல்கிறது: உருண்டைகள் பக்கம்பக்கமாக இருப்பதால் இது பழைய இனம். ஒன்று முன்னும் மற்றது பின்னுமாக இருந்திருந்தால் புதியது.

கடைசி நாட்களில் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்: "ரெண்டும் கோணலா கெடந்துது மக்களே. நான் நேராக்கீட்டேன். கோணினா மிஸ்ஸியம்மா முழுசும் பிரிக்கச் சொல்லுவாங்கல்லா?"

லேஸைப் பற்றிப் பேசுகிறாள் என்று நினைத்தேன்.

5

முடிவு அ: அம்மா அன்றே கடிதத்தைக் கொடுத்து... இல்லை, அது என் கையில் அல்லவா இருக்கிறது.

முடிவு ஆ: நான் கொடுக்கிறேன், அம்மா சொன்னதையும் சொல்கிறேன். தன் புழு புதியதுதான் என்று அப்பாவுக்குத் தெரிந்துவிடும். அதைக் கெடுத்ததும் கடிதத்தை மறைத்ததும் யார் என்றும் தெரிந்துவிடும்.

முடிவு இ: எரித்துவிடுகிறேன்.

அடுத்த அறையிலிருந்து அப்பா கேட்கிறார்:

"என்ன எழுதுத மக்களே?"

"பாம்புக் கதைப்பா."

"நம்ம புழு உண்டா அதுல?" கட்டில் கிறீச்சிடுகிறது. "அவனுவ ஒரு வரி பதிலு போட்டிருந்தா ஒனக்க அம்மைக்க பேரு நெலச்சிருக்கும். பாவம், எவ்வளவு ஆசையா வரஞ்சா!"

எனக்கு அழுகை வருகிறது. வாசகரே, கடிதத்தை நீங்கள் பிடியுங்கள். அப்பா எழுந்து வருகிறார்.