நிறம் போன தண்ணீர்

சாயப் பட்டறையின் சோதனை அறையில் காலை எட்டு மணிக்கு அவள் செய்கிற முதல் வேலை, சுத்திகரிப்புத் தொட்டித் தண்ணீரைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி ஜன்னலுக்கு நேரே பிடிப்பது. குப்பிக்கு அந்தப் பக்கம் மதிலும் சைக்கிள்களும் காவலாளியின் நாற்காலியும் துல்லியமாகத் தெரிந்தால், பதிவேட்டில் ‘நிறம் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். ‘வால்வு’ என்று எல்லோரும் கூப்பிடுகிறவர் வந்து பதிவேட்டை வாங்கிப் போவார். கால்வாய்க்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர் என்பதால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

ஒரு வருடத்துக்கு முன்புவரை அந்தக் கால்வாய் அன்றன்றைய துணியின் நிறத்தில் ஓடியது. ஒரு நாள் ஊதா, மறுநாள் சிவப்பு. அப்புறம்தான் அந்தச் சாம்பல் நிறப் பொடி வந்தது. ஒரு தலைமுடியை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவு இருக்குமோ, அவ்வளவு பொடிசான நானோ துகள்கள். தொட்டியில் கலக்கிப் புற ஊதா விளக்கை எரியவிட்டால் சாயத்தைத் துண்டு துண்டாக உடைத்துப்போடும். தான் மட்டும் தேயாது. நான்கு மணி நேரம் விளக்கு எரிய வேண்டும் என்று ஆராய்ச்சிக்காரர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நிறம் என்னவோ முக்கால் மணி நேரத்திலேயே போய்விடும். ஆனால் உடைந்த துண்டுகள் தண்ணீரிலேயே இருக்கும். அவற்றில் சில, முழுச் சாயத்தைவிடப் பொல்லாதவை. அவையும் சிதைந்து ஒன்றுமில்லாமல் போகத்தான் மீதி நேரம்.

முதல் மாதம் நான்கு மணி நேரம் எரிந்தது. பிறகு வேலை குவிந்தது. மேனேஜர் சோதனை அறைக்கே வந்தார்.

“நிறம்தான் போயிடுச்சே மேடம், இன்னும் எதுக்கு விளக்கு? அடுத்த தொட்டி காத்துக்கிட்டு நிக்குது.”

“உடைஞ்ச துண்டெல்லாம் உள்ளதான் இருக்கு சார். கண்ணுக்குத் தெரியாது.”

“கண்ணுக்குத் தெரியாததை யாரு வந்து கேக்கப் போறா? படிவத்துல நிறத்துக்கு மட்டும்தான கட்டம் போட்டிருக்கான்.”

அவள் பேசாமல் இருந்தாள். அதுவே சம்மதம் ஆயிற்று. அன்று முதல் நிறம் போனதுமே விளக்கை அணைத்தார்கள். முதல் வாரம் கையெழுத்துப் போடும்போது நெஞ்சில் ஏதோ உறுத்தியது. ஒரு மாதத்தில் அதுவும் நின்றுவிட்டது.

அவளுடைய அண்ணன் கால்வாய் ஓரத்தில் கீரை போடுகிறவர். சாயம் ஓடிய காலத்தில் அந்தத் தண்ணீரை அவர் ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை. அவரும் அண்ணியும் தூரத்துக் குழாயிலிருந்து குடம் குடமாய்ச் சுமந்தார்கள். தெளிந்த பிறகும் இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் கால்வாயில் மோட்டாரை இறக்கினார். பக்கத்துப் பாத்திக்காரர்கள் எட்டுப் பேரும் இறக்கினார்கள்.

“உங்க பொடி புண்ணியத்துல அண்ணிக்கு இடுப்பு வலி விட்டுச்சு பாப்பா,” என்றார் போனில்.

“சரிண்ணே,” என்றாள். போனை வைத்துவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் போனபோது அண்ணனின் இரண்டு கைகளிலும் துணி சுற்றியிருந்தது. அண்ணி அவிழ்த்துக் காட்டினாள். விரலிடுக்கெல்லாம் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. கணுக்கால் வரை அதே கதி.

“எதைத் தொட்டீங்கன்னு டாக்டர் கேக்கறார். மண்ணையும் தண்ணியையும் விட்டா நாங்க வேற எதைத் தொட்டோம்?” என்றாள் அண்ணி.

குப்பியைப் பார்ப்பதுபோல அவள் அந்தக் கைகளைப் பார்த்தாள். எந்த விரலில் அதிகம், எது ஆறுகிறது, எது புதிது. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

“கால்வாய்த் தண்ணிய விட்டுடுங்கண்ணே.”

“ஏன்? கண்ணாடி மாதிரி ஓடுதே.”

‘அதுக்குக் கையெழுத்துப் போடறது நான்தான்’ என்று சொல்லாமல், துணியை எடுத்து மறுபடியும் அவர் கையில் சுற்றினாள்.

மறுநாள் மேனேஜரிடம் போய் நின்றாள். நான்கு மணி நேரம் வேண்டும் என்றாள். கைகளைப் பற்றிச் சொன்னாள்.

அவர் இரக்கத்தோடுதான் கேட்டார். “அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடுங்க மேடம். நம்ம வீட்டு ஆளைக் காப்பாத்திக்கிட்டா போதும்ல?”

அவளுக்குக் கோபம் வரவில்லை. மற்ற எட்டு மோட்டார்களும் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பது மட்டும் ஞாபகம் வந்தது.

வடித்தெடுத்த பொடியை எடைபார்த்து அடுத்த தொட்டியில் போடுவது அவள் வேலை. அடுத்த நாள் அவள் போடவில்லை.

“தொட்டி செக்கச்செவேல்னு நிக்குது மேடம். தொறக்கவா?” என்று தலையைச் சொறிந்தார் வால்வு.

“தொறங்க.”

“பதிவேட்டுல?”

“நிறம் இருக்குன்னு எழுதிட்டேன்.”

செய்வது தப்பு என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தத் தண்ணீரை யாரும் தொட மாட்டார்கள் என்பதும் தெரியும். அரை மணி நேரத்தில் ஒன்பது மோட்டார்களும் நின்றன. மதியத்துக்குள் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. சாயங்காலம் அதிகாரிகள் வந்தார்கள். விளக்கு எரிந்த நேரக் குறிப்புகளை எடுத்து அவர்கள் முன்னால் வைத்தாள்.

“இன்னைக்கு விட்டதாவது தெரியுது. இத்தனை நாளா தெளிவா விட்டதும் விஷம்தான். அதுக்குக் கையெழுத்துப் போட்டது நான்.”

பட்டறை இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. திறந்தபோது விளக்கு நான்கு மணி நேரம் எரிந்தது. படிவத்தில் இன்னொரு கட்டம் சேர்ந்தது. அவளுக்கு வேலை போயிற்று. சந்தோஷமோ வருத்தமோ பெரிதாக இல்லை.

அண்ணன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

“எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?”

“மொதல்லேர்ந்தே.”

அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டாள். அண்ணன் மருந்துக் குழாயை அவள் பக்கம் நகர்த்திக் கையை நீட்டினார். அவள் தடவத் தொடங்கினாள். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்:

“சாயம் ஓடினப்போ எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கல பாப்பா. கண்ணுக்குத் தெரியற அழுக்குலேர்ந்து நாங்களே ஒதுங்கிக்குவோம். தெரியாத அழுக்கைத் தெரிஞ்சவங்கதான் சொல்லணும். அவங்களே வாய மூடிக்கிட்டா, அப்புறம் எந்தப் பொடி வந்து எங்களக் காப்பாத்தும்?”