வேட்பாளர் பெயர்

செம்மொழிக்கு அண்ணன் சிங்காரவேலுவைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான். நடுவில் இருபத்திரண்டு வருஷம். அவர் தோளில் ஏறிய சிவப்புத் துண்டு நாற்பது வருஷமாக இறங்கவில்லை. ஊரில் எல்லோரும் அவருக்குத் தோழர். கூடப் பிறந்தவள் மட்டும் நாற்பத்தொரு வயதிலும் பாப்பா.

ஊராட்சித் தலைவர் பதவி இந்தமுறை பெண்களுக்கு என்றானதும் தான் நிற்பதாகச் சொன்னாள். தூர்ந்த வடிகாலால் மூன்று சம்பா அழுகியபோது மனுவைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள் அவள்தான். அண்ணனோ மனைவி நாகம்மாளை நிறுத்துவதாக அறிவித்துவிட்டார். தெருவின் ஓட்டு அவர் கைகாட்டுகிற பக்கம்தான் விழும். அண்ணி நின்றால் செம்மொழி தோற்பது நிச்சயம். மனு கொடுப்பது, போனில் வீடியோ எடுத்துப் போடுவது இதெல்லாம் அரசியலே இல்லை, வர்க்கம் தெரியாத பிள்ளை விளையாட்டு என்றார் அவர்.

"நாங்க பண்ணையில சவுக்கடி பட்டப்ப நீ பொறக்கவே இல்ல பாப்பா."

"அடி பட்டது அப்பாதாண்ணே. உங்க மேல பட்டதெல்லாம் சால்வைதான்."

நாகம்மாள் தலையைக் குனிந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சரியான தலையாட்டிப் பொம்மை என்று அவளையும் சேர்த்தே மனசுக்குள் காறித் துப்பினாள் செம்மொழி.

மனுத்தாக்கலின் கடைசி நாள் புதன்கிழமை. செம்மொழி காலையிலேயே கொடுத்துவிட்டு, அடுத்து யார் வருகிறார்கள் என்று ஒன்றிய அலுவலகத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ராகுகாலம் முழுக்க வீட்டில் கழித்துவிட்டு, நம் பகுத்தறிவாளர் இரண்டரை மணிக்கு மனைவியோடு வந்தார். மூன்று மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

பாரத்தை அவரே எழுதியிருந்தார். படித்த அதிகாரி பாதியில் நிறுத்தினார். கணவர் பெயர் என்ற இடத்தில் சிங்காரவேலு. வேட்பாளர் பெயர் என்ற இடத்திலும் சிங்காரவேலு. கைப்பழக்கம் என்று அசடு வழிந்தபடி அவர் வேறு பாரம் கேட்டார்.

அதிகாரி நாகம்மாளிடம் திரும்பினார். "நிக்கிறது யாரும்மா?"

"அவங்கதாங்க. நான் துணைக்கு வந்தேன்."

சிங்காரவேலு புதுப் பாரத்தை அவசரமாக நிரப்பி, இந்தமுறை பெயரைச் சரியாக எழுதி, கையெழுத்துக்காகப் பேனாவை அவள் கையில் திணித்தார். அவள் பேனாவை மூடி மேசையில் வைத்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

செம்மொழிக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணியை எடைபோட்ட லட்சணத்தில் தானும் அந்த மனுஷனின் தங்கைதான் என்று வெட்கமாக இருந்தது.