காலளவாய்ச் சுருங்கிய கடை

கடைத்தெருவின் வளைவில் இருந்த செருப்புக்கடை, போட்டுப் பார்த்துவிட்டு வாங்காமல் போன ஒவ்வொருவருக்கும் அவரவர் பாத நீள அளவுக்கு உள்ளே சுருங்கிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளை போட்டுப் பார்த்தால் கொஞ்சம், வங்கிக் காவலாளி போட்டுப் பார்த்தால் அதிகம். முதலில் கவனித்தவள் கடைக்காரரின் மனைவி. பெருக்கும்போது துடைப்பம் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகச் சுவரில் இடித்தது.

எல்லாம் அவள் புருஷனின் மரியாதையால் வந்த வினை. யார் வந்தாலும் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி உட்கார வைப்பார். தானே குனிந்து மாட்டிவிடுவார். பெருவிரலுக்கு முன்னால் அமுக்கிப் பார்த்து, சாயங்காலம் கால் வீங்கும், ஒரு நம்பர் பெரிதாக எடுங்கள் என்று சொல்லியும் கொடுப்பார். வந்தவர்கள் அந்த நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு, அதே செருப்பைக் கைபேசியில் வேறெங்கோ வாங்கினார்கள். அதுவும் இவர் கடை வாசலில் நின்றே! நாலு எட்டு தள்ளிப் போய்ச் செய்வோம் என்று ஒருவருக்காவது தோன்றியதா? பார்சல் கொண்டுவந்தவன் வீடு தெரியாமல் இவரிடமே வந்து விசாரித்தான். இவரும் எழுந்து வந்து வழி காட்டினார்.

அடுத்த மழைக்காலத்துக்குள் அலமாரிகள் நசுங்கிச் சரக்கெல்லாம் தெருவுக்கு வந்தது. வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். அளவு பார்க்க வைத்திருந்த ஒற்றைச் செருப்புகளும் கடைக்காரரும்தான் உள்ளே மிச்சம். முழங்காலை நெஞ்சோடு சேர்த்து உட்கார்ந்திருந்தார். கடையை விட்டு வரமாட்டேன் என்றார். இன்னும் இரண்டு பெரிய கால்கள் வந்துபோனால் அவர் விலா எலும்பு தாங்காது என்பது தெருவுக்கே தெரியும். தெரிந்தும் வந்தார்கள். கதவிடுக்கில் காலை மட்டும் நீட்டினார்கள். என்ன ஜென்மங்களோ!

அந்தச் சமயத்தில்தான் மனைவியின் தம்பி யோசனை சொல்ல வந்தான்.

"காலத்துக்கு ஏத்த மாதிரி மாறணும்க்கா. மாமாவுக்குப் பிழைக்கத் தெரியல" என்றவன் பேசிக்கொண்டே குதிகாலைத் தடவினான். அங்கே பிளாஸ்திரி. காலில் புதுச் செருப்பு. போன மாதம் இதே கடையில் மாமா கையால் மாட்டிப் பார்த்த செருப்பு, பார்சலில் வந்திருந்தது.

"கடிக்குதா?"

"ஆமாக்கா. மாமாகிட்ட குடுத்தா விரிச்சுக் குடுத்துடுவாரு."

அவளுக்கு வந்ததே கோபம்! "வெக்கமா இல்ல உனக்கு? அளவு பாக்க இவரு, காசு வாங்க எவனோ, கடிச்சா விரிச்சுத் தர மறுபடியும் இவரா? உங்க காலுக்கெல்லாம் இவரை எழுதியா குடுத்திருக்கு?"

"விடும்மா, நம்ம பையன்தானே" என்று உள்ளிருந்து ஈனக்குரல் வந்தது.

"நீங்க பேசாதீங்க. நம்ம பையன்தான் உங்களை ஒரு அடி நசுக்கினது."

சாக்கட்டியை எடுத்துக் கதவில் எழுதினாள்: இங்கே செருப்பு விற்பதில்லை. எங்கே வாங்கியிருந்தாலும் காலுக்குச் சரிசெய்து தரப்படும். போட்டுப் பார்ப்பதற்கும் கட்டணம் உண்டு. முதல் காசைத் தம்பியிடமே கை நீட்டி வாங்கினாள். கடைக்காரர் கூச்சத்தில் நெளிந்தபடி மரக்கட்டையைச் செருகித் தோலை விரித்துக் கொடுத்தார். தம்பி போட்டு நடந்ததும் பின்சுவர் அவன் பாத நீளத்துக்குப் பின்வாங்கியது. கடைக்காரர் வலது காலைப் பாதி நீட்டினார்.

காலை நீட்டினால் காசா என்று தெரு கொதித்தது. பேராசைக்காரி என்றார்கள். சொல்லிவிட்டு, கடித்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வரிசையில் நின்றார்கள். அவள் ஒருவரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருவருக்கும் குறைக்கவும் இல்லை. வங்கிக் காவலாளி வந்துபோன அன்று மின்விசிறிக்கு இடம் கிடைத்தது. பக்கத்துத் தையல்காரர் மட்டும், சுவர் நகரும்போது தையல் கோணுகிறது, முன்கூட்டிச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அது நியாயம் என்று அவளும் ஒப்புக்கொண்டாள்.

ஒரு மதியம் கடைக்காரர் இரண்டு காலையும் நீட்டி, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றிக்கொண்டு அவள் பெருக்கினாள். துடைப்பம் சுவரில் இடிக்கவில்லை. பெருக்கப் பெருக்க இடம் நீண்டுகொண்டே போகிறதே, இடுப்பு ஒடிகிறது என்று அலுத்துக்கொண்டாள்.