சிவப்புக் குழாயும் வட நோர்வே ஏரியும்

1

இந்தக் கதை 2008-இல் ஒரு தொலைபேசிக் கேள்வியிலிருந்து பிறந்தது. மதுஷா கேட்டாள்: "இஞ்ச இன்னும் ரெண்டு கோடை இருந்து ஆராய்ச்சியை முடிக்கட்டோ, இல்லாட்டி விட்டுட்டு தோஹாவுக்கு வரட்டோ? நீங்கள் சொல்லுங்கோ."

வட நோர்வேயில் ஓர் ஏரியிலிருந்து எவ்வளவு மீத்தேன் வாயு வெளியேறுகிறது என்று அளப்பவள் அவள். அவளுக்கு நிச்சயிக்கப்பட்ட வினோஜன், தோஹாவின் நஜ்மா பகுதியில் அறையெடுத்துத் தங்கியிருக்கும் அலுவலக கிளார்க். ஒரு சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். "கதையா எழுதித் தாறன்" என்றான் அந்த மேதை.

(அந்த மேதைதான் இதை எழுதுகிறவன். படர்க்கையில் எழுதினால் வெட்கம் குறையும் என்று நம்பினான். குறையவில்லை.)

2

முதல் தொடக்கம்: "பனி மூடிய ஏரியின் அடிச்சேற்றில் வாயு பெருமூச்சு விட்டது, அதைக் கேட்டு நிலா—"

[கைவிடப்பட்டது. வினோஜன் ஐஸைப் பார்த்தது ஜூஸ் குவளையில் மட்டும்தான்.]

தொலைபேசியில் வாசித்துக் காட்டியதும் மதுஷா திருத்தினாள். "சேத்தில மட்டும் உண்டாகிறேல்லை. சுத்திவரச் சதுப்பு நிலம். அதுக்குள்ள காத்துப் படாமல் செடிகொடி உக்கி மீத்தேன் வருது. நிலத்தடித் தண்ணி அதைக் கரைச்சுக்கொண்டு ஊறி ஊறி ஏரிக்க வந்து சேருது. பிறகுதான் ஏரியிலயிருந்து காத்துக்குப் போகுது. அப்பிடி எவ்வளவு வருதெண்டுதான் அளக்கிறன்."

"அப்ப ஏரி பாவம். பக்கத்து வீட்டான் செய்ததுக்குப் பழி சுமக்குது."

"கதை எழுதுங்கோ. வழக்கு நடத்தாதீங்கோ."

3

இரண்டாவது தொடக்கம்: "வட நோர்வேயில் கோடை. களைத்து வந்த நாயகி குளிக்கச் சிவப்புக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் சில்லென்று—"

"என்னப்பா, சிவப்புக் குழாயில சுடுதண்ணியெல்லோ வரும், அவளை அவிச்சுப்போட்டீங்களே!" மதுஷாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

தோஹாவில் கோடையில் மொட்டைமாடித் தொட்டி கொதிக்கும். அந்தத் தண்ணீர் நேராக வரும் நீலக் குழாயில் கை வைக்க முடியாது. அதனால் குளியலறை ஹீட்டரை அணைத்துவிட்டு, அதற்குள் கிடந்து ஆறிய தண்ணீரைச் சிவப்புக் குழாயில் பிடித்துக் குளிப்பார்கள். உலகமே அப்படித்தான் குளிக்கிறது என்று நம் எழுத்தாளர் நினைத்துவிட்டார்.

அவன் இதை விளக்கியதும் சிரிப்பு நின்றது. "நிலத்தடித் தண்ணியும் உப்பிடித்தான். வெளிய என்ன காலமெண்டு அதுக்குக் கவலையில்லை. கோடையில ஏரியை விடக் குளிர், மாரியில சூடு. அந்த வித்தியாசத்தை வச்சுத்தான் எவடத்தில ஊறுதெண்டு பிடிக்கிறம்!"

அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் கல்யாணம் பேசியபோதுகூட இருந்ததில்லை. வினோஜனுக்குப் பொறாமையாக இருந்தது. அதுவும் ஓர் ஏரியின் மேல்.

4

முடிவு அ: தோஹா விமான நிலையத்தில் பெட்டியோடு இறங்குகிறாள். அவன் ஓடிப்போய்— [நஜ்மா அறையில் அவள் எதை அளப்பாள்? தொட்டித் தண்ணீரின் சூட்டையா?]

முடிவு ஆ: அவன் நோர்வே போகிறான். உறைந்த ஏரிமேல் கம்பீரமாக நடந்து, வழுக்கி— [இதை அடிக்க மனமில்லை. அடித்தாயிற்று.]

முடிவு இ: முடிவு வாசகரின் கையில். பொறுப்பைத் தட்டிக்கழிக்க இலக்கியத்தில் இதைவிட மரியாதையான வழி இல்லை. ஆனால் இந்தக் கதைக்கு இருப்பது ஒரே ஒரு வாசகி. அவள் படித்துவிட்டு அழைத்தாள்.

"முடிவை என்ர தலையில கட்டாதீங்கோ. கேட்டது நான். உங்கட மனசில என்ன இருக்கு?"

5

ஆகவே வினோஜன் பேனாவை எடுத்து இரண்டு வரி எழுதினான்.

"உடனே வாரும்.

ரெண்டு கோடையும் இருந்து முடிச்சுப்போட்டு வாரும். எனக்குக் கஷ்டம்தான். காத்திருப்பன்."

முதல் வரியை அடித்தான். மெல்லிய கோடுதான், அடியில் இருப்பதை யாரும் வாசிக்கலாம். அழுத்தித் தடவி மறைத்திருக்கலாம், பேனாவில் மை நிறையவே இருந்தது.

அலுவலக ஸ்கேனரில் வைத்து, இரண்டு வரியும் தெளிவாக விழுகின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்பினான். எந்த வரியை வாசிப்பது என்பதை மட்டும் அவளிடம் விட்டிருக்கிறான்.