மூன்று விரல் தடம்

“அந்த வண்டியை மட்டும் தொடாதீங்க மேஸ்திரி. சுத்தி ஊத்திட்டுப் போங்க” என்றார் அபார்ட்மெண்ட் மேனேஜர் பியோ.

கிபோமுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மூன்றாம் அடித்தளப் பார்க்கிங்கில் நின்ற கார்கள் அத்தனையும் இந்தத் தரைப்பூச்சு வேலைக்காக நேற்றே வெளியேறிவிட்டன. மூலைத் தூணுக்குப் பக்கத்தில் இந்தச் சாம்பல் நிறக் கார் மட்டும், கண்ணாடி முழுக்கக் கறுப்பு ஃபிலிமோடு, கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி அசையாமல் நின்றது.

“தரை முழுக்கப் பச்சையா பளபளன்னு இருக்கும், ஓரத்துல வண்டி அளவுக்குச் சொட்டையா? இஞ்சியோன் ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கும். வண்டிச் சொந்தக்காரனுக்கு ஃபோன் போடுங்க சார்.”

“ஃபோன் நம்பர் கண்ணாடிக்குக் கீழேயே ஒட்டியிருக்கு, நீங்களே போடுங்க. எடுக்க ஆள் இல்ல.” பியோ குரலைத் தாழ்த்தினார். “பதினாலாவது மாடி குவாக் அம்மாவோட பையன் இன்ஹோ வண்டி. மூணு வருஷத்துக்கு முன்னாடி மீன்பிடிப் படகு கவுந்துச்சே, அதுல போனவன். வண்டியை நகர்த்தணும்னு வாயைத் திறந்தாலே அந்தம்மா கதவைச் சாத்திடுது.”

வாளியில் பூச்சுக்கான ரெசினையும் அதை இறுக வைக்கும் ஹார்டனரையும் கலக்கிக்கொண்டிருந்த கிபோமின் மனைவி மல்சூனின் கையில் மெஷின் நின்றது.

அதே படகு. அவள் தம்பி சாங்குன் போன படகு. போனவர்கள் ஐந்து பேர். நான்கு உடல்கள் கரைக்கு வந்தன. சாங்குன் மட்டும் வரவில்லை. வருஷா வருஷம் அவன் போட்டோவுக்கு முன்னால் சோறும் பேரிக்காயும் படைத்து, “எங்கடா கிடக்கிறே?” என்று கேட்டுவிட்டு அழுவதோடு சரி.

“கலக்கினது சூடேறி இறுகப் போகுது, அங்க என்ன வேடிக்கை?” கிபோம் அதட்டினான்.

“கத்தாதீங்க. காது கேக்குது.”

கிபோம் கட்டையான ஆள். வாய்தான் பெரிசு. கல்யாணமான நாளிலிருந்து இருவரும் ஜோடியாகத்தான் தரை போடுகிறார்கள். அவள் கலக்குவாள், அவன் இழுப்பான்.

காரைச் சுற்றித் தூசி உறிஞ்சும்போது பின்கதவுக்குக் கீழே ஒரு ஜோடி பழைய ஷூ கண்ணில் பட்டது. வீட்டு வாசலில் கழற்றி வைத்ததுபோல் ஒன்றோடொன்று ஒட்டி, மூக்கு வெளிப்பக்கம் பார்த்து இருந்தது.

“எவனோ பழசைப் போட்டுட்டுப் போயிருக்கான்” என்றான் கிபோம். “குப்பைச் சாக்குல போடு.”

“லாரிப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டுட்டு வரேன்!” என்று மல்சூன் உரக்கச் சொன்னாள். சரிவுப் பாதை ஏறி, மேலே நின்ற லாரிச் சாக்கில் ஷூவை எறிந்துவிட்டு வந்தாள்.

பிறகு ஊற்ற ஆரம்பித்தார்கள். ஊற்ற ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக் கூடாது. ஒட்டுப் போட்ட கோடு காலத்துக்கும் தெரியும். ஈரப் பூச்சில் தடம் விழாத ஆணிச் செருப்பை மாட்டிக்கொண்டு கிபோம் பல் கரணையால் பூச்சை இழுத்துப் பரப்பிக்கொண்டே பின்னால் வந்தான். மல்சூன் முள் உருளையை ஓட்டிக் குமிழிகளை உடைத்தாள். காரைச் சுற்றி ஒரு முழம் விட்டு, பச்சைக் குளம் ஒன்று அசையாமல் படுத்தது. கடைசி வாளியும் தீர்ந்ததும், படிக்கட்டுக் கதவைச் சாத்திவிட்டு சாப்பிடப் போனார்கள்.

கிம்ச்சி சூப் கொதிக்கக் கொதிக்க வந்தது. மல்சூனுக்கு இறங்கவில்லை.

“அந்த வண்டியையே நினைச்சிட்டிருக்கியா?”

“நீங்க சாப்பிடுங்க.”

“உன் தம்பி இருந்திருந்தா இந்தச் சூப்பை மூணு கிண்ணம் குடிச்சிட்டு, ‘மாமா, நீங்க போட்ட தரை மேடு பள்ளம்’னு என்னையே நக்கல் பண்ணியிருப்பான்.”

அவள் சிரித்துவிட்டாள்.

திரும்பி வந்து கிபோம்தான் கதவைத் திறந்தான். திறந்தவன் அப்படியே நின்றான்.

“எந்தப் பய...!”

பச்சைத் தரையில் கால்தடங்கள். படிக்கட்டை நோக்கி ஒற்றை வரிசையாக வந்திருந்தன. ஆணிச் செருப்பு இல்லை, ஷூ இல்லை. வெறுங்கால்.

மல்சூன் எட்டிப் பார்த்தாள். தடங்கள் எங்கிருந்து ஆரம்பிக்கின்றன என்று கண்ணை ஓட்டினாள்.

காரிலிருந்து.

காருக்குப் போன தடம் ஒன்றுகூட இல்லை. வந்தது மட்டும்தான் இருந்தது. பின்கதவு ஒரு விரற்கடை திறந்து கிடந்தது.

“உள்ளேயே ஆள் இருந்திருக்கான்” என்றான் கிபோம். “நாம ஊத்தும்போது... உள்ளேயே...”

ஊற்றிய சூட்டோடு மிதித்தால் தரை தானே மூடிக்கொள்ளும். இறுக ஆரம்பித்த பிறகு மிதித்தால் தடம் அப்படியே நின்றுவிடும். அப்படியானால் அவர்கள் சூப் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அவன் நடந்திருக்கிறான்.

“இரு, மேனேஜர் பார்க்கிறதுக்குள்ள தேய்ச்சு விடறேன்.” கிபோம் ஆணிச் செருப்பை மாட்டிக்கொண்டு கரணையோடு குனிந்தான்.

மல்சூனும் குனிந்தாள். வலது காலின் தடம் வாசலை ஒட்டி அச்செடுத்ததுபோல் விழுந்திருந்தது. குதிகால். உள்வளைவு. கட்டைவிரல், இரண்டாவது, மூன்றாவது.

அதோடு சரி. அதற்கப்புறம் விரலே இல்லை.

“கரணையை வெச்சீங்க, கையை ஒடிச்சிடுவேன்!”

அவள் போட்ட சத்தம் அடித்தளம் முழுக்க எதிரொலித்தது. கிபோம் நிமிர்ந்தான். அவனும் பார்த்தான். கரணை கையிலிருந்து நழுவிப் பச்சையில் விழுந்தது. அதை எடுக்கக்கூடத் தோன்றவில்லை.

அந்த இரண்டு விரல்களையும் தின்றது அவர்களுடைய தரை தேய்க்கும் மெஷின்தான். சாங்குன் அவர்களோடு வேலை செய்த காலம். ரத்தம் சொட்டச் சொட்ட அவனை முதுகில் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் மல்சூன்.

“செத்தவனுக்குத் தடம் விழுமா?” கிபோமின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

பதில் சொல்ல அவள் அங்கே இல்லை. படிக்கட்டில் ஓடிக்கொண்டிருந்தாள். படியெல்லாம் பச்சைக் கறை. இரண்டாம் அடித்தளத்தில் மங்கியது. முதல் அடித்தளத்தில் காணவே இல்லை.

போய்விட்டான். மறுபடியும் போய்விட்டான். வெளியே ஜனவரிக் காற்று. வெறுங்காலோடு எங்கே போவான்?

வெறுங்கால்!

ஷூ. அவள் எறிந்த ஷூ. ‘லாரிப் பக்கம்’ என்று அடித்தளமே கேட்கும்படி கத்தியதும் அவள்தான். கறுப்புக் கண்ணாடிக்கு அந்தப்புறம் ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்டிருக்கிறான்.

லாரியின் பின்சக்கரத்தை ஒட்டி அவன் உட்கார்ந்திருந்தான். குப்பைச் சாக்கு கவிழ்ந்து கிடந்தது. பச்சை அப்பிய காலை ஷூவுக்குள் நுழைக்கப் போராடிக்கொண்டிருந்தான். தாடி, குழி விழுந்த கன்னம். ஆனால் அதே மூக்கு, அம்மாவின் மூக்கு.

மல்சூன் மற்ற ஷூவை எடுத்தாள். ஓங்கி அவன் தோளில் ஒன்று வைத்தாள். இன்னொன்று.

“படையல் போட்டேன்டா! மூணு வருஷம், உன் போட்டோவுக்குச் சோறு போட்டேன்டா!”

“அக்கா...”

“அக்கான்னு கூப்பிட்டே, கொன்னுடுவேன்!” என்றவள் அங்கேயே மண்டியிட்டு, இடுப்பில் செருகியிருந்த துணியை உருவி, அவன் காலை அழுத்தித் துடைக்க ஆரம்பித்தாள். ஹார்டனர் தோலை அரித்துவிடும்.

“படகைத் திருப்பினது நான்தான்க்கா. ‘அலை பக்கவாட்டுல வருது, திருப்பாதே’ன்னு இன்ஹோ கத்தினான். நான் கேக்கல. நாலு பேர் வீட்டு முகத்துலயும் எப்படி முழிப்பேன்? நீந்திக் கரையேறினேன். தெற்கே சிப்பிக் கொட்டகையில ஒளிஞ்சுக்கிட்டேன்.”

“அப்புறம் இங்க எதுக்கு வந்தே?”

அவன் சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு கார் சாவியை எடுத்தான். “அன்னிக்குக் குளிருதுன்னு இன்ஹோ அவன் ஜாக்கெட்டை எனக்குக் குடுத்தான். இது அதுல இருந்துச்சு. அவங்க அம்மாகிட்டக் குடுக்கணும்னு இந்தக் குளிர்காலம் வந்தேன். தினம் லிஃப்ட் வரைக்கும் போறேன். பட்டனை அமுக்க முடியல. வண்டியிலயே படுத்துக்கிறேன்.”

மூச்சிரைக்க வந்து நின்ற கிபோம் அவனையே பார்த்தான். பிறகு கரகரத்த குரலில், “என் தரையைக் கெடுத்திட்டியேடா மாப்ள” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மல்சூன் எழுந்தாள். “ஷூவைப் போடு. மேல போகணும்.”

“வேண்டாம்க்கா.”

“நாலு உடம்பு கரைக்கு வந்தப்போ நான் துறைமுகத்துல நின்னேன். அந்தம்மா கத்தினது இன்னும் காதுல இருக்கு. நட.”

லிஃப்டில் பதினான்கை அவள்தான் அமுக்கினாள். அவன் மணிக்கட்டை விடவே இல்லை.

கதவைத் திறந்தவள் குள்ளமான அம்மாள், நரைத்த தலை. மல்சூனைப் பார்த்தாள். சாங்குனைப் பார்த்தாள். கீழே, ஷூ விளிம்பில் ஒட்டியிருந்த பச்சையைப் பார்த்தாள்.

சாங்குன் தொப்பென்று முழங்காலில் விழுந்தான். இரண்டு கையாலும் சாவியை நீட்டினான்.

அந்த அம்மாள் சாவியை எடுக்கவில்லை.

“ராத்திரி ரொம்பக் குளிராச்சே” என்றாள். “நான் வெச்ச போர்வை பத்தலையா?”

சாங்குன் தலையைத் தூக்கினான். “அது... இன்ஹோவோடதுன்னு...”

“வாராவாரம் வண்டியைத் துடைக்கப் போவேன். ஒருநாள் ஸீட்டு சாஞ்சு கிடந்துச்சு. இருக்கிறதே ரெண்டு சாவி. ஒண்ணு என்கிட்ட. ஒண்ணு கடலோட போச்சு. நாலு பேரை நாங்க புதைச்சாச்சு. வண்டியில படுக்கிறது யாருன்னு எனக்குத் தெரியாதா, சாங்குன்? எப்போ மேல வருவேன்னுதான் காத்திட்டிருந்தேன்.”

மல்சூன் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“அதுக்குத்தான் வண்டியை நகர்த்தவிடல. அப்புறம் எங்க படுப்பே?” அம்மாள் கதவை அகலத் திறந்தாள். “இனிமே வேண்டாம். மேனேஜர்கிட்டச் சொல்லுங்க, வண்டியை இன்னிக்கே எடுத்துடலாம்.”

“இன்னிக்கு முடியாதும்மா” என்றாள் மல்சூன். “தரை இன்னும் காயல.”